மாசியில் பிறக்கும் வழி

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் நாட்டு முதுமொழி. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த உழவன் உள்ளத்திலிருந்து எழுந்த சொல் அது. காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் அது பொய்ப்பதில்லை. ஆனால், யமுனைக் கரையில் வந்து குடியேறிய தமிழரின் வீட்டுத் தோட்டத்திற்கு மட்டும் அம்மொழியைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தில்லியில் காய்கறிக்கு வழி பிறப்பது தையில் அன்று, மாசியில்.

பொங்கல் முடிந்ததும் ஊரிலிருந்து வந்த விதைப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டின் முன்னாலோ பின்னாலோ உள்ள சிறு நிலத்தில் புடலையும் பீர்க்கையும் ஊன்றிவிட்டு, பத்து நாள், பதினைந்து நாள் என்று முளைக்காகக் காத்திருந்து, இறுதியில் மனம் சோர்ந்த குடும்பங்கள் தலைநகரில் பல உண்டு. ‘நம் ஊர் விதை இந்த மண்ணுக்கு ஒத்துவராது’ என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். அதன்பின் அந்த நிலத்தில் புல் மண்டுகிறது. அல்லது சிமெண்டுத் தளம் எழும்புகிறது. உண்மையில் விதைமீதும் பழியில்லை, மண்மீதும் பழியில்லை. விதைத்த நாள்தான் பொருந்தாத நாள். இந்த ஒன்றை உணர்ந்துகொண்டால், மாசி தொடங்கி ஆனி வரையில் ஒரு குடும்பம் தன் வீட்டுக் காயைத் தானே பறித்து உண்ணலாம்.

தைப்பட்டமும் தில்லிக் குளிரும்

நம் முன்னோர் ஆடிப்பட்டம் என்றும் தைப்பட்டம் என்றும் விதைக்கும் காலத்தை வகுத்தனர். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண் தையில் ஈரம் காக்கும், குளிரோ பெயரளவிற்குத்தான். சென்னையில் ஜனவரி மாதத்து இரவு வெப்பம் சராசரியாக 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. தில்லியில் அதே மாதத்தில் அது 7 அல்லது 8 டிகிரியாக இருக்கும். வெண்டை, பாகல், புடல், பீர்க்கு, கொத்தவரை ஆகிய யாவும் வெப்பத்தை விரும்பும் பயிர்கள். மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 18 டிகிரியை எட்டும்வரை அவற்றின் விதைகள் கண் திறப்பதில்லை. குளிர்ந்த ஈர மண்ணில் நெடுநாள் கிடந்தால் அவை அழுகியும் போகும்.

குளிர் ஒருபுறமிருக்க, நிழலையும் கணக்கிட வேண்டும். தில்லி, சென்னையைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் வடக்கே அமைந்துள்ளது. டிசம்பர் 21 ஆம் நாள் நண்பகலில் சூரியன் சென்னையில் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தில்லியிலோ 38 டிகிரி உயரமே ஏறும். ஆதலின், பத்தடிச் சுவர் ஒன்று அன்றைய நண்பகலில் தில்லியில் கிட்டத்தட்டப் பதின்மூன்று அடி நிழலை வடக்கே வீழ்த்தும். மாசித் தொடக்கத்தில் அந்நிழல் ஒன்பது அடியாகச் சுருங்கும்; மார்ச் 21 ஆம் நாள் ஐந்தரை அடியாகிவிடும். வீட்டின் வடபுறத்தில் நிலம் வாய்த்தவர்களுக்குத் தையில் வெயிலே கிட்டாது; பங்குனியில் அதே நிலம் வெயிலில் குளிக்கும். எங்கே விதைப்பது என்று தீர்மானிக்கு முன், ஒரு நாள் முழுவதும் நிழல் நகரும் வழியைக் கோடிட்டுப் பார்த்துவிடுவது நன்று.

பருவங்களின் பெயரிலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வடநாட்டாரோ தையிலோ மாசியின் முற்பகுதியிலோ வரும் வசந்த பஞ்சமியன்றே வசந்தத்தை வரவேற்றுவிடுகின்றனர். நம் இளவேனிலை எதிர்பார்த்துச் சித்திரையில் விதைப்பவர், தையில் விதைத்தவரைப் போலவே ஏமாறுவார். ஏனெனில், சித்திரை முடிவதற்குள் தில்லியில் அனற்காற்று புறப்பட்டுவிடும்.

ஒரு பிடி விதை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். மைந்தன் மத்திய அரசு அலுவலர், கீழ்த்தளக் குடியிருப்பு, வீட்டின் பின்னால் பன்னிரண்டடிக்குப் பத்தடி நிலம். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் இருந்த பூர்வீக வீட்டை விற்றுவிட்டு, அன்னை மகனோடு வாழத் தில்லி வந்தார். வரும்போது கொல்லையிலிருந்து அவர் கொணர்ந்தவை ஒரு துணி முடிச்சில் புடலை, பீர்க்கு, கொத்தவரை விதைகள். அந்தக் கொல்லை இப்போது வேறொருவருடையது. மீண்டும் சென்று விதை எடுக்க இயலாது.

தை மூன்றாம் நாள் அவர் குழி வெட்டினார். மருமகள் விதை முடிச்சை அவிழ்த்து, “எல்லாவற்றையும் போட்டுவிடலாமா, அம்மா?” என்று கேட்டாள்.

“பாதியைப் போடு, பாதியை எடுத்து வை. முழு விதையையும் ஒரே நாளில் மண்ணிடம் கொடுக்கக் கூடாது” என்றார் அவர்.

அந்தச் சொல்லே பின்னர் அவ்விதைகளைக் காத்தது. ஊன்றிய பாதியில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த வீட்டுத் தோட்டத்தைப் பேணும் மாலி, கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த முதியவர். வேலிக்கு அப்பாலிருந்து அவர் இதனைக் கவனித்து வந்தார். “மாதாஜி, இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். நாங்கள் இரவில் இரண்டு ரஜாய் போர்த்துக்கொண்டு உறங்குகிறோம். விதைக்கு என்ன போர்வை இருக்கிறது?” என்று சொன்னாராம். மாசி பிறந்து பத்தாம் நாள் மீதிப் பாதி விதைகள் மண்ணுக்குள் சென்றன. பங்குனி பிறப்பதற்குள் புடலைக் கொடிக்கு மூன்றாம் இலை விட்டிருந்தது. அன்னைக்கு இந்தி தெரியாது. மாலிக்குத் தமிழ் தெரியாது. எனினும், அந்தப் பருவம் முழுவதும் இருவரும் வேலியோரத்தில் நின்று பயிரைப் பற்றிப் பேசிக்கொண்டதாக மருமகள் கூறுவாள்.

முப்பது நாள் வாயில்

தில்லியின் இளவேனில் தோட்டத்திற்கு இருபுறமும் பகை உண்டு. முன்னே குளிர், பின்னே லூ என்னும் அனற்காற்று. இரண்டிற்கும் இடையே திறக்கும் வாயில் குறுகியது. வெண்டையும் கொத்தவரையும் விதைத்த நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாட்களில் காய்க்கத் தொடங்கும். பாகலுக்கும் பீர்க்குக்கும் ஏறத்தாழ அறுபது நாட்கள் வேண்டும். புடலைக்கு இன்னும் சில நாட்கள் கூடும். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவிற்குள் விதைத்தால், மே மாதத்துக் கடும் வெயிலுக்கு முன் கொடி வேர் பிடித்துப் பந்தலில் ஏறிவிடும். ஏப்ரலில் விதைத்தாலோ, பூக்கும் நேரமும் வெயில் 40 டிகிரியைத் தொடும் நேரமும் ஒன்றாகிவிடும். நீண்ட பகலும் மிகுந்த வெப்பமும் சேர்ந்தால் கொடிகளில் ஆண் பூக்களே மிகும். பெண் பூக்கள் அருகும். கொடி செழித்தும் காய் இல்லை என்று வருந்துவோர் இதனை நினைவிற் கொள்க.

நம் இல்லங்களில் நாள்காட்டியைப் பாராமலே நினைவிருக்கும் நாட்கள் சில உண்டு. அவற்றைக்கொண்டே கணக்கிட்டுக்கொள்ளலாம். மாசி முதல் நாள் மண்ணைக் கொத்தி எருவிடுக. மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் காரடையான் நோன்பு வருகிறது. அதற்குள் விதைப்பை முடித்துவிடுக. மாசி இரண்டாம் வாரத்தில் ஊன்றிய வெண்டை, சித்திரை முதல் நாள் வருடப் பிறப்புச் சமையலுக்கு முதற்காயைத் தரும். அன்றைய பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூவும் அந்தக் காலத்தில் தில்லி வீதிகளின் வேப்பமரங்களிலேயே பூத்திருக்கும்.

அவசரப்படுவோருக்கும் ஒரு வழி இருக்கிறது. கங்கை, யமுனை போன்ற ஆறுகளின் மணற்படுகையில் பயிரிடும் உழவர்கள் குளிர்காலத்திலேயே நீண்ட பள்ளம் தோண்டி, எருவிட்டு, கொடிக்காய் விதைகளை ஊன்றிவிடுவர். குளிர்ந்த வடமேற்குக் காற்றுத் தாக்காவண்ணம் நாணற்புல்லால் தட்டி கட்டி மறைப்பர். அவர்கள் காய் சந்தைக்கு முந்தி வரும். வீட்டில் நாம் அதனையே சிறிய அளவில் செய்யலாம். ஜனவரிக் கடைசியில் மட்குவளையிலோ சிறு பையிலோ விதையிட்டு, பகலில் வெயிலிலும் இரவில் வீட்டிற்குள்ளும் வைத்திருந்து, பிப்ரவரி இறுதியில் வேர் கலையாமல் நிலத்திற்கு மாற்றினால் இரண்டு வாரம் முந்தலாம்.

பூசாவின் கொடை

இத்தலைநகரில் காய்கறி பயிரிடுவோருக்கு ஒரு பெரும் பேறு வாய்த்திருக்கிறது. 1905 ஆம் ஆண்டில் பீகாரின் பூசா என்னும் ஊரில் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தபின், 1936 இல் தில்லிக்கு இடம் மாறியது. பழைய ஊரின் பெயர் புதிய இடத்தையும் பற்றிக்கொண்டது. அங்கே உருவான விதைகளின் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். அவ்வாண்டுகளை ஒட்டி, 1964 முதல் 1967 வரை உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்த பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம், புதுவகைக் கோதுமையின்மேல் மக்களுக்கு நம்பிக்கை பிறக்க வேண்டித் தம் தில்லி இல்லத்துப் புல்வெளியையே உழுது கோதுமை விதைத்தார்.

பூசா விதைகளின் பெயர்களே பருவத்தைச் சொல்லும். ‘பூசா தோ மௌசமி’ என்பது ஒரு பாகல். ‘இரு பருவம்’ என்பது பெயரின் பொருள். வசந்தத்திலும் மழைக்காலத்திலும் அதனை விதைக்கலாம். ‘பூசா சாவனி’ என்னும் வெண்டை 1950 ஆம் ஆண்டுகளில் வெளிவந்து நாடெங்கும் புகழ் பெற்றது. ஆயினும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் ஆற்றலை அது நாளடைவில் இழந்துவிட்டது. இன்று அந்நோயைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

விதைக்கடைக்குச் செல்லும் புதியவர்களுக்காகச் சில பெயர்களைத் தருகிறோம். வெண்டையைப் பிண்டி என்பர், பாகல் கரேலா, சுரை லௌக்கி, பீர்க்கு தோரி, புடல் சிசிண்டா, கொத்தவரை குவார், காராமணி லோபியா, தண்டுக்கீரை சௌலாயி. தோரி என்று மட்டும் கேட்டால் மெழுகுபீர்க்கு விதையைத் தந்துவிடுவதும் உண்டு. வரியுள்ள பீர்க்கு வேண்டுமெனத் தெளிவாகச் சொல்லிப் பெறுதல் வேண்டும்.

விதைக்கும் முறை

தில்லியில் பெரும்பாலான குடியிருப்புகளின் மண் யமுனையின் பழைய வண்டல். அதில் மக்கிய பொருள் குறைவு. சற்று உவர்த்தன்மையும் இருக்கும். ஆகையால் எருவே முதற்செலவு. மக்கிய சாண எருவை மூன்று விரற்கடை கனம் பரப்பிக் கொத்திவிடுக. கொடிகளுக்கு ஒன்றரையடி அகலமும் அதே ஆழமும் உள்ள குழி வெட்டி, பாதி மண்ணும் பாதி எருவுமாக நிரப்பி, குழிக்கு நான்கு விதை ஊன்றுக. முளைத்தபின் வலிய இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிடுக. பாகல், புடல் விதைகளின் ஓடு தடித்தது; ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து முளைகட்டிய பின் ஊன்றினால் வீணாவதில்லை. வெண்டையை ஓரிரவு ஊறவைத்தால் போதும். பாத்தியின் கரையில் தெற்கு நோக்கிய சரிவில் விதைத்தால், அப்பக்கத்து மண் முன்னதாகச் சூடேறுவதால் முளையும் முந்தும்.

வேம்பும் அரசும் தில்லியில் வசந்த காலத்தில்தான் இலை உதிர்க்கின்றன. நம்மவர் பலருக்கு இது வியப்பாயிருக்கும். அவ்விலைகளைப் பெருக்கி எரிப்பது தீமை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஆம் ஆண்டிலேயே தில்லியில் அதனைத் தடைசெய்தது. அதே சருகைச் செடிகளின் அடியில் பரப்பினால், வரப்போகும் கோடையில் ஈரத்தைக் காக்கும் கம்பளமாகும்.

மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோரும் மனம் தளர வேண்டியதில்லை. பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஒரு வெண்டைச் செடி நன்கு காய்க்கும். கைப்பிடிக் கம்பியில் பாகற்கொடி படரும். அகன்ற தொட்டியில் தண்டுக்கீரை மூன்று நான்கு வாரங்களில் கறிக்கு வந்துவிடும். குளிரில் இலை கொட்டி நின்ற கறிவேப்பிலையும் மார்ச்சில் துளிர்க்கும். அது பட்டுப்போயிற்று என்று எண்ணித் தையில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

வண்டும் பூவும்

கொடி இரண்டு இலை விட்டவுடன் செந்நிற வண்டுகள் வந்து இலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் அவை குளிரில் மந்தமாக இருக்கும். அப்போது கையால் பற்றி நீரில் இட்டுக் கொல்லலாம். சலித்த விறகுச் சாம்பலை இலைமேல் தூவுவதும் பயன் தரும். காய் பிடித்தபின் பழஈ முட்டையிட்டுக் காயை அழுகச் செய்யும். பிஞ்சிலேயே மெல்லிய துணிப்பையோ காகித உறையோ கட்டிவிட்டால் அத்தொல்லை நீங்கும். ஈ குத்திய காயைத் தோட்டத்திலேயே போட்டு வைக்கக் கூடாது.

நகரத்தில் தேனீக்கள் போதிய அளவில் வாராத இடங்களில் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். அங்கே மகரந்தம் சேர்க்கும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பூவின் கீழே சிறு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. வெறுங்காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். ஆனால் ஒவ்வொரு கொடிக்கும் தனி நேரம் உண்டு. பாகலும் பரங்கியும் காலையில் மலர்வன. சுரையும் பீர்க்கும் புடலும் மாலையில் மலர்வன. பள்ளிக்குச் செல்லுமுன் ஒரு சுற்று, விளையாடி வந்தபின் ஒரு சுற்று என்று பிள்ளைகள் பார்த்து வரலாம். தாவரநூல் ஏட்டில் கற்பதை அவர்கள் கண்ணால் கண்டு கற்கும் இடம் அது. சிசிண்டா என்று பக்கத்து வீட்டுத் தோழனிடமும், புடலங்காய் என்று பாட்டியிடமும் ஒரே காயைக் காட்டி அவர்கள் பேசுவதைக் கேட்பதும் ஓர் இன்பமே.

மார்ச் மாதத்தில் ஒருசில நாட்கள் மழையும் காற்றும் ஆலங்கட்டியும் வருவதுண்டு. இளங்கொடிக்கு அன்றிரவு ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தால் போதும். மே மாதத்திலோ நாள்தோறும் நீர் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் மட்டுமே பாய்ச்சுக. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் யாவும் செடிக்கே செல்லட்டும். சோப்பு கலந்த நீர் வேண்டாம். மேற்கு வெயில் தாக்கும் பக்கத்தில் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாலே இலை வாடாது.

விதையை விட்டுச் செல்லுதல்

ஆனி பாதியில் இலைகள் பழுத்து, கொடி தளரும். ஜூன் இறுதியில் தில்லிக்குப் பருவமழை வரும். அதன்பின் ஆடிப்பட்டம் இங்கும் பொருந்தும். அந்த முதுமொழிக்குத் திருத்தம் தேவையில்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. கொடியின் நல்ல காய்களில் ஒன்றிரண்டைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். பீர்க்கும் கொத்தவரையும் வெண்டையும் கொடியிலும் செடியிலுமே காயட்டும். புடலும் பாகலும் பழுத்தபின் விதையை அலசி நிழலில் உலர்த்துங்கள். சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் பயிரிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல் வாராது. ஆதலின் நாட்டு விதைக்கே இம்முறை.

தில்லிச் சந்தைகளில் இன்று நம் ஊர்க் காய்கள் கிடைக்காமல் இல்லை. ஐ. என். ஏ. சந்தைக்குச் சென்றால் முருங்கையும் வாழைப்பூவும் வாங்கி வரலாம். காய்க்காக மட்டுமே தோட்டம் என்றால் அத்தனை உழைப்பு வேண்டியதில்லை. ஆனால், பணத்தால் வாங்கும் காயோடு விதை வருவதில்லை. அதை விதைக்கும் நாளும் வருவதில்லை. பாட்டிமாரிடம் விதை இருக்கிறது. இந்த ஊர் மாலிகளிடம் நாள் இருக்கிறது. இரண்டும் ஒரு வீட்டில் சேராவிட்டால், அடுத்த தலைமுறையில் இரண்டுமே இராது.

மேலே கூறிய குடும்பம் மூன்றாம் ஆண்டில் மாற்றலாகி வேறு நகரம் சென்றது. புறப்படுமுன் அன்னை தம் விதையை மூன்று பங்காக்கினார். ஒன்று தமக்கு, ஒன்று அந்த வீட்டிற்கு வந்த பஞ்சாபிக் குடும்பத்திற்கு, ஒன்று மாலிக்கு. அரசுக் குடியிருப்பின் நிலம் நம்முடையது அன்று. நாம் சிறிது காலம் காவல் இருப்பவர்களே. விதையோ கைமாறும் வரையில் அழியாது.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிற்கு நாம் யாவரும் ஒன்றுகூடுகிறோம். அன்று ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள விதையில் ஒரு பிடியைக் கொணர்ந்து, இல்லாதவருடன் மாற்றிக்கொள்ளலாம். பெற்றுச் செல்பவர்கள் அதனை அன்றே மண்ணில் இட்டுவிடாமல், ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்து, மாசியில் பாதியை மட்டும் முதலில் ஊன்றட்டும்.